2013 ஜூன்: ஒரு குளிசைக்குத் தடை, அதன் தம்பிக்கு அனுமதி



“பயோகிளிட்டசோனை இந்தியாவில் தடை செய்துவிட்டார்களாம், நாமும் நிப்பாட்டுவோம்” என்ற பேச்சு நம் ஊர்களில் அவ்வப்போது சுற்றும். இன்னொரு பக்கம், சென்னைக்கு வைத்தியத்துக்குப் போய்வருபவர்கள் “புதுக் குளிசை” என்று கொண்டுவந்து பக்கத்து வீட்டு மாமிக்கும் ஒரு அட்டை கொடுப்பார்கள். இரண்டும் ஒரே வரலாற்றில் இருந்து வருபவை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அடிப்படை. நம் உடம்பின் கலங்களுக்குள் சில புரதங்கள் இருக்கின்றன. ஓமோன், விற்றமின், கொழுப்பு போன்றவை வந்து ஒட்டியதும் அவை கருவிலுள்ள பரம்பரை அலகுகளை இயக்கவோ அடக்கவோ செய்யும். இவற்றைக் கரு வாங்கிகள் என்பார்கள். மனிதனில் 48 வகை உண்டு. தைரொயிட் குளிசை வேலை செய்வதும், விற்றமின் டி வேலை செய்வதும் இப்படியான வாங்கிகள் வழியாகத்தான். இவற்றில் ‘பீபார்’ என்றொரு குடும்பம் இருக்கிறது. அதில் அல்பா, ஈரலில் கொழுப்பை எரிப்பதைக் கவனிக்கும். காமா, கொழுப்புக் கலங்களையும் இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படிவதையும் கவனிக்கும்.

சீனி, பிரஷர், இரத்தக் கொழுப்பு மூன்றும் ஒரே ஆளில் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல, இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படியாமைதான் அடிவேர் என்று 1988இல் அமெரிக்க வைத்தியர் ஜெரால்ட் ரீவன் எடுத்துச் சொன்னார். பின்னர் தொந்தியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2005இல் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் தெற்காசியருக்கு வைத்த எல்லை, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர், பெண்களுக்கு 80. ஐரோப்பிய ஆண்களுக்கு அது 94. நாம் குறைந்த தொந்தியிலேயே நோயாளி ஆகிவிடும் கூட்டம்.

ஆச்சரியம் என்னவென்றால், குளிசைகள் முதலில் வந்தன, அவை வேலை செய்யும் இடம் பிறகுதான் தெரிந்தது. கொழுப்பைக் குறைக்கும் குளோபைபிரேட் 1960களிலேயே பாவனையில் இருந்தது. பீபார் அல்பா கண்டுபிடிக்கப்பட்டதோ 1990இல். ஜப்பானின் தக்கேடா கம்பனி 1980களின் தொடக்கத்திலேயே ‘கிளிட்டசோன்’ வகை மருந்துகளில் இறங்கிவிட்டது. அவை பீபார் காமாவில் ஒட்டுகின்றன என்பது 1995இல்தான் தெரியவந்தது.

அதன் பிறகு ஓட்டப் பந்தயம். 1997இல் அமெரிக்காவில் ட்ரோகிளிட்டசோன் வந்தது. ஈரல் செயலிழந்து நோயாளிகள் மரணித்ததால் 2000இல் மீளப் பெறப்பட்டது. 1999இல் ரொசிகிளிட்டசோன் வந்தது. அது மாரடைப்பைக் கூட்டுகிறதா என்ற கேள்வி 2007இல் எழுந்து, 2010இல் ஐரோப்பா நிறுத்தியது, இந்தியா தடை செய்தது.

இந்தப் பந்தயத்தில் நம் அயல்நாடும் இருந்தது. மற்றவர் மருந்தைச் செய்து விற்பதோடு நில்லாமல் இந்தியா சொந்தமாகப் புது மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஹைதராபாத் டொக்டர் ரெட்டீஸ் கம்பனியின் நிறுவனர் அஞ்சி ரெட்டியின் கனவு. அல்பா, காமா இரண்டையும் ஒன்றாக இயக்கும் ராகாகிளிட்டசாரை அவருடைய கம்பனி உருவாக்கி, டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க்கிடம் கொடுத்தது. பரிசோதனை விலங்குகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தென்பட, 2002இல் எல்லாம் நின்றது. அஞ்சி ரெட்டி 2013 மார்ச்சில் காலமானார்.

மூன்றே மாதத்தில், அதே இரட்டை வழியில் வேலை செய்யும் சாரோகிளிட்டசார் இந்தியாவில் அனுமதி பெற்றது. செய்தது அஹமதாபாத்தின் சைடஸ் கெடிலா. இவ்வகையில் உலகில் முதலில் அனுமதி பெற்றது அதுதான். அதே ஜூன் 18ஆம் திகதி, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் பயோகிளிட்டசோனை இந்திய அரசு நிறுத்தியது! மலிவான, பலருக்கு நன்றாக வேலை செய்யும் குளிசையை ஒரே கையெழுத்தில் பறிக்கலாமா என்று நீரிழிவு வைத்தியர்கள் எதிர்த்தார்கள். ஜூலை 31இல் தடை நீங்கியது. பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும், முதல் மருந்தாகத் தொடங்கக் கூடாது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு. நம் ஊரில் சுற்றும் ‘தடை’ சுமார் ஆறு வாரம்தான் நிலைத்தது. தடை வந்த செய்தி பரவிய அளவுக்கு நீங்கிய செய்தி பரவவில்லை, அவ்வளவுதான்.

ஏன் இந்த மருந்துகள் இப்படித் தடுமாறுகின்றன? கல்லோயா வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். பெரிய கதவைத் திறந்தால் காய்ந்த வயலுக்கு மட்டுமா தண்ணீர் போகும்? அறுவடைக்கு நிற்கும் வயலிலும் பாயும். பீபார் காமா கொழுப்புக் கலத்தில் மட்டும் இல்லை, சிறுநீரகத்திலும் எலும்பிலும் இருக்கிறது. அதனால்தான் பயோகிளிட்டசோன் சீனியைக் குறைக்கும்போதே சிலருக்குக் காலில் நீர் கோர்க்கும், நிறை கூடும், பெண்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு அதிகரிக்கும். இருதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆபத்து.

சாரோகிளிட்டசாரை பயோகிளிட்டசோனோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில் 122 பேர் பங்குபற்றினார்கள். 24 வாரத்தில் ட்ரைகிளிசரைட் சுமார் 45 சதவீதம் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் இரத்தப் பரிசோதனை இலக்கம் இறங்குவதும் மாரடைப்புக் குறைவதும் ஒன்றல்ல. அல்பாவை இயக்கும் பெமாபைபிரேட்டை நீரிழிவுள்ள 10,000க்கு மேற்பட்டோரிடம் பரிசோதித்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். ட்ரைகிளிசரைட் இறங்கியது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை.

இந்த வரலாறு நமக்குச் சொல்வது இதுதான்: இந்தக் குளிசைகள் நஞ்சும் அல்ல, அற்புதமும் அல்ல. ஆளுக்கு ஆள் பார்த்துக் கொடுக்க வேண்டியவை. ஒருவருக்கு நன்மையான அதே குளிசை இருதய வருத்தமுள்ள பக்கத்து வீட்டு மாமியை ஆஸ்பத்திரியில் கிடத்தலாம். ஆகவே அட்டையைப் பங்கு போடாதீர்கள். வட்ஸ்அப் செய்தியை நம்பி நிப்பாட்டவும் வேண்டாம். வெளியில் வாங்கிய குளிசை இருந்தால் கிளினிக் கொப்பியோடு அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். கால் வீக்கம், மூச்சு முட்டல், சிறுநீரில் இரத்தம் இருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் போங்கள்.

இன்னொன்று. கலியாண சஹனில் கையைக் கொஞ்சம் அடக்குவதும், சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரையில் அரை மணி நேரம் நடப்பதும் இன்சுலினுக்கு உடம்பைக் கீழ்ப்படிய வைக்கும். குளிசை போடுகிறவருக்கும் அது தேவை.

யா அல்லாஹ், எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. ஆமீன்.

வீட்டில் மூத்தவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.