மாற்று எரிபொருளுக்கு மாறும் வாகனங்கள்: மத்திய அரசு ஊக்குவிப்பது எப்படி, கணக்கிடுவது எப்படி?

புதுதில்லி: இந்தியா தனது கச்சா எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 88 சதவீதத்தை இறக்குமதி செய்கிறது. அந்நியச் செலாவணிச் செலவு, நகரங்களின் காற்று மாசு, கரும்பு விவசாயிகளுக்கான நிலுவைத் தொகை ஆகிய மூன்று சிக்கல்களுக்கும் ஒருசேரத் தீர்வு காணும் வழியாக மாற்று எரிபொருள்களை மத்திய அரசு முன்வைத்து வருகிறது. எத்தனால், இயற்கை எரிவாயு, உயிரிவாயு, மின்சாரம், ஹைட்ரஜன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவை எந்த அளவுக்குப் பயன் தந்துள்ளன என்பதை அளவிடும் முறைகளும் எரிபொருளுக்கு எரிபொருள் வேறுபடுகின்றன.

எத்தனால்: 5 சதவீதத்தில் தொடங்கிய பயணம்

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் சோதனைத் திட்டம் 2001-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் தொடங்கப்பட்டது. 2003 ஜனவரியில் 9 மாநிலங்கள், 4 யூனியன் பிரதேசங்களில் 5 சதவீதக் கலப்புத் திட்டமாக அது விரிவுபடுத்தப்பட்டது. எனினும், போதிய எத்தனால் கிடைக்காததாலும் விலை நிர்ணயத்தில் தெளிவு இல்லாததாலும் பல ஆண்டுகள் முன்னேற்றம் ஏற்படவில்லை. 2013-14 விநியோக ஆண்டில் கலப்பு விகிதம் 1.53 சதவீதமாகவே இருந்தது.

2014-இல் எத்தனால் கொள்முதல் விலையை அரசே நிர்ணயிக்கும் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால், டீசலில் 5 சதவீத உயிரி டீசல் என இலக்கு வகுத்தது. கழிவுப்பாகுடன் கரும்புச்சாறு, மக்காச்சோளம், உண்ணத் தகுதியற்ற தானியங்கள், உபரி அரிசி ஆகியவற்றில் இருந்தும் எத்தனால் தயாரிக்க வழி திறக்கப்பட்டது. இத்திட்டத்துக்கான எத்தனால் மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

10 சதவீத இலக்கு, குறித்த காலத்துக்கு ஐந்து மாதங்கள் முன்னதாக 2022 ஜூனில் எட்டப்பட்டது. அதே ஆண்டு கொள்கை திருத்தப்பட்டு, 20 சதவீத இலக்கு 2030-இல் இருந்து 2025-26-க்கு முன்கொண்டுவரப்பட்டது. 20 சதவீத எத்தனால் கலந்த 'இ20' பெட்ரோலின் விற்பனையை 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். 2025-இல் 20 சதவீதக் கலப்பு எட்டப்பட்டதாக அரசு அறிவித்தது. உயிரி டீசலில் இத்தகைய முன்னேற்றம் இல்லை. அதன் கலப்பு விகிதம் இன்னமும் 1 சதவீதத்துக்கும் கீழேயே உள்ளது.

மைலேஜ், விலை: நுகர்வோரின் கேள்விகள்

ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. எனவே கலப்பு கூடும்போது வாகனத்தின் மைலேஜ் ஓரளவு குறைவது இயல்பு. நீதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையின்படி, இ20 பயன்படுத்தும்போது பழைய வடிவமைப்பு கொண்ட நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதமும், இரு சக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதமும் எரிபொருள் திறன் குறையக்கூடும். 10 சதவீதக் கலப்புக்கு வடிவமைக்கப்பட்டு, 20 சதவீதத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் இந்த இழப்பு 1 முதல் 2 சதவீதமாக இருக்கும்.

மைலேஜ் இழப்பை ஈடுசெய்யும் வகையில் கலப்பு எரிபொருளின் சில்லறை விலை குறைவாக இருக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. ஆனால், அதன் பின்னர் எத்தனால் கொள்முதல் விலை உயர்ந்துவிட்டது. 2025 ஜூலை 31 நிலவரப்படி சராசரி கொள்முதல் செலவு லிட்டருக்கு ரூ.71.32 என்றும், இது சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்றும் பெட்ரோலியத் துறை அமைச்சகம் விளக்கம் அளித்தது. மைலேஜ் பெருமளவு குறைகிறது என்ற கருத்தையும் அமைச்சகம் மறுத்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்பனைக்கு வைக்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

உணவா, எரிபொருளா?

கரும்பும் தானியமும் உணவுச் சந்தைக்கும் தேவைப்படுபவை என்பதால், விளைச்சல் குறையும் ஆண்டுகளில் அரசு தனது முடிவுகளை மாற்ற நேரிட்டுள்ளது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு வழங்குவது 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் கரும்புச்சாறு பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அது விலக்கப்பட்டது. இந்த இடைவெளியை மக்காச்சோளம் நிரப்பியது. ஆனால் கோழித் தீவனத்தின் முதன்மை மூலப்பொருளும் அதுவே என்பதால், விலை உயர்வு குறித்துக் கோழிப்பண்ணையாளர்கள் கவலை தெரிவித்தனர்.

உணவுப் பயிரைச் சாராத இரண்டாம் தலைமுறை எத்தனாலுக்காக 'பிரதமரின் ஜீவன்' திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. ஹரியாணா மாநிலம் பானிபட்டில் வைக்கோலைக் கொண்டு எத்தனால் தயாரிக்கும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் தயாரிப்பது அதன் நோக்கம்.

எரிவாயு: நீதிமன்ற உத்தரவில் இருந்து கட்டாயக் கலப்பு வரை

சிஎன்ஜி பயன்பாடு பரவ வழிவகுத்தது கொள்கை அறிவிப்பு அல்ல, நீதிமன்ற உத்தரவு. தில்லியின் பேருந்துகள் அனைத்தும் சிஎன்ஜிக்கு மாற வேண்டும் என 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல முறை கால நீட்டிப்புக்குப் பின், 2002 இறுதியில் அந்த மாற்றம் நிறைவடைந்தது.

சாணம், வேளாண் கழிவு, நகராட்சிக் குப்பை ஆகியவற்றில் இருந்து அழுத்தப்பட்ட உயிரிவாயு தயாரிக்கும் 'சதத்' திட்டம் 2018 அக்டோபரில் தொடங்கியது. 5,000 ஆலைகள் என்ற இலக்கை நோக்கிய பணி மெதுவாகவே நகர்ந்ததால், ஊக்கத்தொகையுடன் கட்டாயமும் சேர்க்கப்பட்டது. வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் எரிவாயு வழங்கும் நிறுவனங்கள் 2025-26-இல் 1 சதவீதம், 2026-27-இல் 3 சதவீதம், 2027-28-இல் 4 சதவீதம், 2028-29 முதல் 5 சதவீதம் என்ற அளவில் உயிரிவாயுவைக் கலக்க வேண்டும்.

எரிபொருள் சில்லறை விற்பனைக்குப் புதிதாக அனுமதி பெறும் நிறுவனங்களுக்கும் நிபந்தனை உண்டு. 2019 நவம்பர் விதிகளின்படி, அவை தங்கள் விற்பனை நிலையங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் சிஎன்ஜி, எல்என்ஜி, உயிரி எரிபொருள், மின்னேற்ற வசதி ஆகியவற்றில் குறைந்தது ஒன்றையேனும் அமைக்க வேண்டும்.

மின்சாரமும் ஹைட்ரஜனும்

மின்சார வாகனங்களுக்கான 'ஃபேம்' மானியத் திட்டம் 2015-இல் தொடங்கியது. ரூ.10,000 கோடி மதிப்பில் அதன் இரண்டாம் கட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு உதிரிபாக விதிகளை மீறி மானியம் பெற்றதாகச் சில தயாரிப்பாளர்கள் மீது புகார் எழுந்து, தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு அரசு உத்தரவிட்டது. இதையடுத்து கண்காணிப்பு இறுக்கப்பட்டது.

2024 அக்டோபரில் ரூ.10,900 கோடியில் தொடங்கப்பட்ட 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தில், வாகனம் வாங்குபவரின் ஆதார் சரிபார்க்கப்பட்ட பின்னர் மின்னணு ரசீது உருவாக்கப்படுகிறது. வாங்குபவரும் விற்பனையாளரும் கையொப்பமிட்ட அந்த ரசீதைப் பதிவேற்றினால்தான் தயாரிப்பாளர் மானியத்தைக் கோர முடியும். இரு சக்கர வாகனங்களுக்கு முதல் ஆண்டில் ஒரு கிலோவாட் மணிக்கு ரூ.5,000 என இருந்த மானியம், அடுத்த ஆண்டில் பாதியாகக் குறைக்கப்பட்டது. மின்சார வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே.

ரூ.19,744 கோடி மதிப்பிலான தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. போக்குவரத்தைப் பொறுத்தவரை இது இன்னும் சோதனைக் கட்டத்திலேயே உள்ளது. 37 பேருந்துகள், சரக்கு வாகனங்கள், 9 எரிபொருள் நிரப்பும் நிலையங்கள் கொண்ட ஐந்து முன்னோடித் திட்டங்களுக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் அளிக்கப்பட்டது.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

மாற்று எரிபொருள் குறித்து வெளியாகும் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் இரு இடங்களில் இருந்து வருகின்றன. முதலாவது, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'வாஹன்' தரவுத்தளம். பெட்ரோல், டீசல், பெட்ரோல்-சிஎன்ஜி, எல்என்ஜி, மின்சாரம், ஹைப்ரிட் என எரிபொருள் வாரியாகப் பதிவான வாகனங்களின் எண்ணிக்கையை அதன் இணையப் பலகையில் எவரும் காணலாம். இரண்டாவது, பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு வெளியிடும் மாதாந்திர அறிக்கைகள். எரிபொருள் விற்பனை அளவும் எத்தனால் கலப்பு விகிதமும் இவற்றில் இடம்பெறுகின்றன.

இவ்விரண்டும் வெவ்வேறு பொருள்களை அளவிடுகின்றன. வாஹன் வாகனங்களை எண்ணுகிறது. அவை எந்த எரிபொருளில் எவ்வளவு தொலைவு ஓடின என்பதைக் கூறுவதில்லை. பெட்ரோல்-சிஎன்ஜி எனப் பதிவான கார் ஆண்டு முழுவதும் பெட்ரோலில் ஓடினாலும் பதிவேட்டில் அதன் வகை மாறாது. தெலங்கானாவின் விவரங்கள் நீண்ட காலம் இத்தளத்தில் சேர்க்கப்படாததால், தேசிய எண்ணிக்கையும் முழுமையாக இல்லை. மின்சார வாகனங்களில் மற்றொரு சிக்கல் உள்ளது. வீட்டு இணைப்பில் மின்னேற்றம் செய்யும்போது, வாகனத்துக்குச் சென்ற மின்சாரம் வீட்டுப் பயன்பாட்டுடன் கலந்துவிடுகிறது. நாட்டின் மின்உற்பத்தியில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியைச் சார்ந்தது என்பதால், வாகன எண்ணிக்கையை மட்டும் வைத்து மாசுக் குறைப்பைக் கணக்கிட இயலாது.

சாலையில் அடையாளம் காண்பதற்கும் ஏற்பாடு உண்டு. மின்சார வாகனங்களுக்குப் பச்சை நிற எண் பலகை வழங்கப்படுகிறது; சொந்தப் பயன்பாட்டு வாகனம் எனில் வெள்ளை எழுத்துகள், வாடகை வாகனம் எனில் மஞ்சள் எழுத்துகள். ஹாலோகிராம் ஒட்டுவில்லையில் டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் வெளிர் நீலம். எனவே இவ்வில்லையின் நிறத்தைக் கொண்டு சிஎன்ஜி வாகனத்தைப் பிரித்தறிய முடியாது.

வாகன உரிமையாளர்கள் கவனிக்க வேண்டியவை

* 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பெட்ரோல் வாகனம் எனில், எத்தனால் கலப்புக்கான வரம்பைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வாகனங்களில் ரப்பர் குழாய்களையும் அடைப்பு வளையங்களையும் சர்வீஸின்போது பரிசோதிப்பது நல்லது.

* பெட்ரோல் வாகனத்தில் சிஎன்ஜி கருவி பொருத்தினால், மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவுச் சான்றிதழில் அந்த மாற்றத்தைக் குறிக்கச் செய்ய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். தவறினால் இழப்பீடு கோருவதில் சிக்கல் ஏற்படலாம்.

* சிஎன்ஜி உருளையை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவது கட்டாயம்.

* மானியத்துடன் மின்சார வாகனம் வாங்குவோர், விலைப்பட்டியலில் மானியத் தொகை தனியே கழிக்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்த்த பின்னரே மின்னணு ரசீதில் கையொப்பமிட வேண்டும்.