காந்தத்துக்கு இரும்பு மட்டும்தான் கேட்கும்

கிற்றார் வாசிக்கிற ஆக்களோட அஞ்சு நிமிசம் கதைச்சால் போதும், ஒரு சாதிப் பிரிவு வெளியில வந்துவிடும். அல்நிக்கோ காந்தம் போட்ட பிக்அப் உயர்ந்தது, செரமிக் காந்தம் போட்ட பிக்அப் தாழ்ந்தது. முதலாவது "இனிமை", "வெதுவெதுப்பு". மற்றது "கரகரப்பு", "மலிவுச் சாமான்". இதைச் சொல்கிறவர்களில் பலர் தங்கட கிற்றாருக்குள்ளே என்ன காந்தம் கிடக்கிறது எண்டு கழற்றிப் பார்த்ததில்லை. ஆனாலும் தன்னுடையது மலிவானது என்பதால் மேடையில் ஏறவே கூச்சப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தக் கூச்சத்தைப் பற்றியது. அது எங்கே இருந்து வந்தது என்று தேடினால், சங்கீதத்தை விடச் சுரங்கமும் யுத்தமும் இறக்குமதிச் சட்டமும்தான் அதிகமாகத் தட்டுப்படுகின்றன.

முதலில் பிக்அப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். (எங்கட ஊரில் பிக்அப் எண்டால் சாமான் ஏத்துற வாகனம். இது வேற.) மீன்பாடும் தேனாடு என்று எங்களை நாங்களே புகழ்ந்துகொள்ளும் வாவி ஊரவர்களுக்கு இதை விளக்குவது சுகம். கல்லடிப் பாலத்தடியில் நிலாக்காலத்தில் மீன் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற முனையில் காதை வைப்பார்கள். 1848 இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரியும் தோணியின் மரத்தில் காதை வைத்தபோது அந்தச் சத்தம் நன்றாகக் கூடியது என்று எழுதி வைத்திருக்கிறார். மரம் பாகுபாடு பார்க்காது. மீன், அலை, தோணியில் இருப்பவரின் இருமல், எல்லாவற்றையும் கடத்தும்.

மின்கிற்றாரின் பிக்அப் இதற்கு நேர் எதிர். அதற்குக் காற்றின் சத்தம் கேட்காது, பாடுகிறவரின் குரல் கேட்காது. ஒரு காந்தம், அதைச் சுற்றி மயிரை விட மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்று. அவ்வளவுதான் பிக்அப். மேலே இருக்கிற உருக்குத் தந்தியைக் காந்தம் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள்ளான காந்தப் பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின் பிறக்கும். 1831 இல் பரடே கண்டது இதைத்தான், சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்திலும் இருக்கிறது. கலைப்பீடத்துக்குப் போன நானே அந்தப் பக்கத்தை மறக்கவில்லை.

ஆகவே தந்தி இரும்போ நிக்கலோ கலந்ததாக இருந்தால்தான் பிக்அப்புக்குக் கேட்கும். நைலோன் தந்தி போட்ட கிற்றாரைக் காந்தத்துக்கு மேலே வைத்து எவ்வளவு உருக்கமாக வாசித்தாலும் மௌனம்தான். யாழுக்கும் இதே கதிதான். பழந்தமிழில் தந்திக்குப் பெயரே நரம்பு. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலாநந்த அடிகள், அந்த நரம்புகள் எந்த அளவில் எந்தச் சுரம் தரும் என்று கணக்குப் போட்டு, மறைந்துபோன யாழ்களை நூல்களில் இருந்து மீட்டெடுக்க முயன்றார். அவருடைய 'யாழ் நூல்' 1947 இல் அரங்கேறியது, அதே ஆண்டில் அவரும் காலமானார். அடிகள் விஞ்ஞானம் படித்தவர். தந்தியைப் பற்றிப் பேசக் கணக்கும் பௌதிகமும் வேண்டும் என்பதற்கு நாங்கள் அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை, கல்லடியிலேயே அவருடைய சமாதி இருக்கிறது.

இனி அமெரிக்கா. 1930களின் தொடக்கத்தில் ஜோர்ஜ் போஷாம்ப் என்பவரும் அடொல்ப் ரிக்கன்பெக்கரும் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கிற்றாரைச் செய்தார்கள். அதன் உருவத்தைப் பார்த்துச் சனம் வைத்த பெயர் 'பொரிக்கிற சட்டி'. அதில் தந்திகளைச் சுற்றி இரண்டு பெரிய லாடக் காந்தங்கள் வளைந்து நின்றன. 1937 இல்தான் போஷாம்புக்குக் காப்புரிமை கிடைத்தது. 1936 இல் வந்த கிப்சன் ஈஎஸ்-150 கிற்றாரிலும், உடம்புக்குள்ளே நீளமான இரண்டு காந்தச் சட்டங்களை ஒளித்து வைத்திருந்தார்கள். ஏன் இவ்வளவு பெரிய காந்தங்கள்? அன்றைக்கு இருந்த உருக்குக் காந்தங்கள் பலவீனமானவை, தங்கட காந்தத்தைச் சுலபமாக இழந்துவிடும். அளவைக் கூட்டித்தான் பலத்தைக் கூட்ட முடிந்தது.

இந்த நிலைமையை மாற்றியவர் கிற்றாரைப் பற்றி யோசித்தவர் கிடையாது. 1931 இல் ஜப்பானில் தொக்குஷிச்சி மிஷிமா என்ற உலோகவியலாளர், இரும்போடு நிக்கலும் அலுமினியமும் சேர்ந்தால் மிக உறுதியான காந்தம் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். பிறகு அதில் கோபால்ட்டும் சேர்ந்தது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் என்ற மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளை ஒட்டியதுதான் அல்நிக்கோ. இரண்டாம் உலகப் போரில் ராடார் முதலிய கருவிகளுக்கு இந்தக் காந்தம் ஏராளமாகத் தேவைப்பட்டது. போர் முடிந்ததும் அந்தக் காந்தம் குடிமக்களின் சாமான்களுக்குள் வந்தது. ஒலிபெருக்கிக்குள் வந்தது, கிற்றாருக்குள்ளும் வந்தது. 1954 இல் லியோ பெண்டரின் ஸ்ட்ராற்றோகாஸ்டரில் தந்திக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன அல்நிக்கோ உருளைகள் நின்றன. 1957 இல் கிப்சன் கிற்றார்களில் சேத் லவரின் இரட்டைச் சுருள் பிக்அப் வந்தது. இரைச்சலை அடக்குவதால் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர்.

இந்த 1950களின் கிற்றார்களுக்குத்தான் இன்றைக்குக் கோயில் சிலைக்குக் கொடுக்கிற மரியாதை. ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தக் கால கிப்சன் ஹம்பக்கர்களுக்குள் ஒரே காந்தம் இல்லை. அல்நிக்கோ 2, 3, 4, 5 என்று எல்லா வகையும் கிடக்கின்றன. அன்றைக்கு எது வாங்கக் கிடைத்ததோ அதைப் போட்டார்கள். இன்றைக்கு "அந்தக் காலத்து மாயச் சத்தம்" என்று விலை பேசப்படுவதில் ஒரு பங்கு, களஞ்சியத்தில் என்ன மிஞ்சியிருந்தது என்பதன் விளைவு.

செரமிக்கின் பிறப்பும் ஜப்பானில்தான். 1930 வாக்கில் யொகோரோ கட்டோ, தக்கேஷி தக்கேய் என்ற இருவர் தோக்கியோவில் பெரைட் என்ற பொருளை ஆராய்ந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஒல்லாந்தின் பிலிப்ஸ் கம்பனி, பேரியம் சேர்ந்த பெரைட்டில் இருந்து மலிவான நிரந்தரக் காந்தத்தைச் செய்து காட்டியது. இதன் மூலப்பொருள் இரும்பு ஒக்சைட்டு, அதாவது கிட்டத்தட்டத் துரு. துருத்தூளை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டு எடுக்கிறார்கள், சட்டி பானை சுடுகிற மாதிரி. அதனால்தான் செரமிக் என்ற பெயர். எங்கட உப்புக்காற்றில் தந்தி மூன்று மாதத்தில் துருப்பிடிக்கும். செரமிக் காந்தம் ஏற்கெனவே துரு, அதற்கு இனிப் பிடிக்க ஒன்றும் இல்லை.

மலிவு என்பதால் அது தாழ்ந்த சத்தமா? 1972 இல் லரி டிமார்சியோ 'சுப்பர் டிஸ்ரோர்ஷன்' என்ற பிக்அப்பைக் கொண்டுவந்தார். கிற்றாரோடு வந்ததைக் கழற்றிவிட்டுச் சனம் காசு கொடுத்து வாங்கிப் பூட்டிய பிக்அப் அது. அதற்குள் இருந்தது செரமிக் காந்தம். ஹார்ட் ரொக் இசையின் பெருத்த சத்தத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே செரமிக்கைத் தேர்ந்தெடுத்தது காது.

ஆனால் உலகம் முழுக்க அல்நிக்கோவில் இருந்து செரமிக்குக்கு மாறியதற்குப் பெரிய காரணம் காது இல்லை. 1978 மே மாதம் சயரின் ஷாபா மாகாணத்துக்குள் கிளர்ச்சிப் படைகள் நுழைந்து கொல்வெசி என்ற சுரங்க நகரைப் பிடித்தன. இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு அது. உலகத்தின் கோபால்ட்டில் பெரும்பங்கு அந்தப் பக்கத்தில் இருந்துதான் வந்தது. விலை பல மடங்கு ஏறியது. பல ஒலிபெருக்கிக் கம்பனிகள் அல்நிக்கோவைக் கைவிட்டுப் பெரைட்டுக்குப் போயின. மலிவு விலைக் கிற்றார் செய்கிறவர்களுக்கும் கோபால்ட்டை நினைத்துப் பார்க்க முடியாத நிலை.

இதே காலத்தில் எங்கட நாட்டில் என்ன நடந்தது? 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோன காலமும் ஏறத்தாழ அதுதான். வெளிநாட்டுக் கிற்றார் என்பது பலருக்குக் கனவு. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது, அடுத்த வருசம் கொல்வெசி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கதவு திறந்து எங்களுக்குக் கிழக்காசிய மலிவுக் கிற்றார்கள் வரத் தொடங்கிய நேரமும், உலகம் கோபால்ட்டை விட்டுத் துருவுக்கு மாறிய நேரமும் ஒன்று. எங்கட கைகளுக்கு வந்த மின்கிற்றார்களில் செரமிக் அதிகம் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. எங்கட தகுதி பார்த்து ஒருவரும் அதைத் தரவில்லை. நாங்கள் கடைக்குப் போன நேரத்தில் தட்டில் இருந்தது அது.

கிற்றார் இந்த வாவிக்கரைக்குக் காந்தத்துக்கு முன்பே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் வயலின், கிற்றார், மண்டலின், ரபானா எல்லாம் சேர்ந்து கப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குக் கலியாணங்களில் ஒலித்திருக்கின்றன. வீட்டு விறாந்தையில் ஆடுகிற ஆட்டத்துக்குப் பிக்அப் தேவைப்படவில்லை. மேடையும் திறந்த வெளியும் வந்த பிறகுதான் காந்தம் தேவைப்பட்டது. கிற்றாருக்குள் ஒன்று, ஒலிபெருக்கிக்குள் இன்னொன்று.

சரி, காந்த வகை சத்தத்தை மாற்றவே மாற்றாதா? மாற்றும். ஆனால் சொல்லப்படுகிற வழியில் இல்லை. மூன்று விசயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பலம். அல்நிக்கோ 3 இல் கோபால்ட்டே கிடையாது, அது பலம் குறைந்தது. அல்நிக்கோ 5 இல் ஏறத்தாழ 24 வீதம் கோபால்ட், அது பலமானது. பலம் கூடினால் பிக்அப்பில் இருந்து வரும் மின் கூடும், அம்பிளிபயர் சீக்கிரம் கரகரக்கத் தொடங்கும். "செரமிக் கரகரப்பு" என்பதில் பாதி இதுதான். குரலைத் தாழ்த்தினால் அதுவும் தாழும்.

இரண்டு, இழுவை. காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கும். பிக்அப் மிக நெருக்கமாக இருந்தால் தந்தியின் அதிர்வு குழம்பும், தடித்த தந்திகளில் சுருதி சேராத மாதிரி ஒரு இழுபறி கேட்கும். இது காந்தத்தின் குற்றம் போலத் தெரியும். திருகாணியால் உயரத்தைக் குறைத்தால் போய்விடும்.

மூன்று, சுருளின் நடுவில் என்ன இருக்கிறது என்பது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஸ்ட்ராற் வகைப் பிக்அப்பில் அல்நிக்கோ என்றால் காந்த உருளையே சுருளின் நடுவில் நிற்கும். செரமிக் என்றால் நடுவில் நிற்பது சாதாரண உருக்கு உருளை. காந்தம் கறுப்புச் சட்டமாக அடியில் ஒட்டியிருக்கும். உருக்கு நடுவில் இருந்தால் சுருளின் தூண்டுதிறன் கூடும், உயர்ந்த அதிர்வெண்கள் மங்கும். ஆக, "செரமிக்கின் சத்தம்" என்று நாங்கள் கேட்பது பெரும்பாலும் உருக்கின் சத்தமும் சுருளின் சத்தமும். ஹம்பக்கரில் எப்படியும் உருக்குத்தான் நடுவில் இருக்கிறது. அதில் காந்தத்தை மட்டும் மாற்றினால் வித்தியாசம் கேட்கும், ஆனால் வேறொரு வாத்தியம் ஆகிவிடாது.

இதெல்லாம் தெரிவதால் என்ன பயன்? 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெளிநாட்டுப் பிக்அப் ஒன்றின் விலை ஒரு மாணவருக்குச் சின்னக் காசு இல்லை. அந்தக் காசைக் கட்டமுன், ஒரு திருகாணிச் சாவியோடு ஒரு பின்னேரத்தைச் செலவழியுங்கள். கிற்றாரின் முகத்தட்டைக் கழற்றிப் பிக்அப்பின் அடியைப் பாருங்கள். கறுப்புச் சட்டம் இருந்தால் உங்களுடையது துருக்காந்தம். திரும்பப் பூட்டுங்கள். கடைசிப் பிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, பிக்அப்புக்கும் தந்திக்கும் நடுவில் 2 மில்லிமீற்றர் வைத்து வாசியுங்கள், மறுகா 3 வைத்து வாசியுங்கள். கூட இருக்கிறவரைக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுங்கள். துருத் தந்தியை மாற்றிவிட்டு இன்னொரு முறை. இவ்வளவும் செய்த பிறகும் மனம் கேட்காவிட்டால், தாராளமாக அல்நிக்கோ வாங்குங்கள். அப்போது அதை வாங்குவது உங்கட காது.

அடுத்த முறை ஒரு பிள்ளை தன்ர கிற்றாரைக் காட்டி, "இது செரமிக்தான்" என்று தலையைக் குனிந்தால், கொல்வெசியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மேடைக்கு அனுப்புங்கள்.