மருந்தின் கணக்கில் வராத கைகள்

வெடிக்குள் போகும் வேதிக்கலவையை எங்கள் பக்கத்தில் ‘மருந்து’ என்போம். நோய் தீர்ப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் ஒரே சொல். என் அம்மா சரவெடி பின்னியவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. சாயங்காலம் வீடு திரும்பும்போது நகக்கண்ணில் திரியின் கரி அப்பியிருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்லூரியில் வேதியியல் படிக்கப் போனேன். கரும்பலகையில் பொட்டாசியம் நைட்ரேட்டின் வாய்பாட்டை எழுதியதும், ‘இது எங்கள் வீட்டுப் பொருள்’ என்று தோன்றியது. பாடத்தில் உப்பு இருந்தது, கந்தகம் இருந்தது. அம்மா இல்லை.

சிவகாசியின் தொழில் வரலாற்றை யார் எழுதினாலும், 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததில்தான் தொடங்குவார்கள். உண்மைதான். ஆனால் கற்றுவந்த தொழிலைக் கையால் செய்தது யார்? குச்சி அடுக்கியவர்களும் பெட்டி ஒட்டியவர்களும் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். அந்தச் சிறுமிகளைப் போன்ற குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி 1996-இல் எம்.சி. மேத்தா வழக்கில் தீர்ப்பு வந்தது.

தீப்பெட்டிக்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் தீக்குச்சி முனைக்கு வெண்பாஸ்பரஸ் பயன்பட்டது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டனில் பிரையண்ட் அண்ட் மே ஆலையின் பெண்களும் சிறுமிகளும் அபராதத்தையும் குறைகூலியையும் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, இந்த நோயும் ஊரறிய வந்தது. 1906-இல் பெர்ன் நகரில் பல நாடுகள் வெண்பாஸ்பரஸைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது அந்த நஞ்சு சட்டப்படி விலக்கப்பட்டிருந்தது. முகம் தெரியாத தொழிலாளர்களின் தாடைகள் அதற்கு விலை கொடுத்திருந்தன. ஒரு பொருளை மாற்றினால் ஒரு நோயே ஒழியும். வேதியியல்மேல் எனக்குள்ள நம்பிக்கை இங்கிருந்துதான் வருகிறது.

அதனால்தான் சாதனா ராயலுவின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நாக்பூரில் உள்ள ‘நீரி’ என்கிற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானியாகப் பணியாற்றியவர். அனல்மின் நிலையங்கள் கொட்டும் சாம்பலிலிருந்து ஜியோலைட் என்ற பயனுள்ள பொருளை உருவாக்குவது உள்ளிட்ட ஆய்வுகளில் நெடுங்காலம் உழைத்தவர். பசுமைப் பட்டாசு ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அந்த முயற்சியில் பங்கேற்றது. 2018 அக்டோபர் 23 அன்று, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. மறு ஆண்டு தீபாவளிக்கு முன் பசுமைப் பட்டாசுகள் அறிமுகமாயின. ‘ஸ்வாஸ்’ வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்கும். ‘ஸ்டார்’ ரகத்தில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இல்லை. ‘சஃபல்’ ரகத்தில் அலுமினியம் மிகக் குறைவு. துகள் மாசு குறைந்தது 30 சதவீதம் குறையும் என்றார்கள்.

பட்டாசு வேதியியலைத் திருத்தி எழுதியவர்களில் ஒரு பெண்ணும் இருக்கிறார் என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் அந்த 30 சதவீதம் எங்கே அளந்தது? பட்டாசு வெடித்த பிறகு, அதைக் கொளுத்துகிறவரும் வேடிக்கை பார்ப்பவரும் சுவாசிக்கும் காற்றில். மருந்து அலசும் அறையிலும், குழாயில் அடைக்கும் கையிலும் என்ன குறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. கந்தகத்தை எடுத்துவிட்டாலும், உலோகத்தூளும் ஆக்சிஜன் தரும் உப்பும் சேர்ந்த கலவை ஒரு உராய்வுக்காகக் காத்திருக்கும் கலவைதான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இன்னும் பலர். அச்சங்குளத்து விபத்து நடந்தபோது பசுமைப் பட்டாசு அறிமுகமாகி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே 2018 தீர்ப்பு சரவெடியையும் தடைசெய்தது. சரவெடியால் காற்றும் ஒலியும் குப்பையும் மிகையாவது உண்மை. அந்தத் தடை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரவெடி பின்னுவது பெண்களின் வேலை. தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த அந்தக் காலத்தில் அம்மா வாசலில் உட்கார்ந்து, “காத்து சுத்தமாகட்டும்டி, நல்லதுதான். எனக்கு வேற வேலை யாரு குடுப்பா?” என்றார். வேதியியல் படித்த என்னிடம் பதில் இல்லை.

ஆய்வுக்கூடத்துக்குப் போகப்போகும் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பொருளைப் ‘பசுமை’ என்று நீங்கள் எழுதும்போது, அது எரியும் இடத்தோடு அது செய்யப்படும் இடத்தையும் அளந்து பாருங்கள். அந்த அறையின் தூசியையும் வெப்பத்தையும் அங்கே வேலை செய்பவளின் கூலியையும் கணக்கில் சேருங்கள். சரவெடி பின்னுவதை நிறுத்தி ஆண்டுகள் ஆகின்றன. அம்மாவின் நகக்கண் இப்போது வெளுத்துவிட்டது. அந்த வெளுப்பு எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.