மூச்சுவழி காத்தோர்: தொண்டைக்கரப்பன் நோயாளர் பராமரிப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே அமைந்துள்ளன. ஒரு கிருமி எந்த ஆண்டில் இனங்காணப்பட்டது, ஒரு சத்திரசிகிச்சையை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் யார், ஒரு மருந்து எந்த ஆய்வுகூடத்திற் பிறந்தது என்பனவே அவற்றின் அத்தியாயங்களை வகுக்கின்றன. நோயாளியின் கட்டிலருகே இரவும் பகலும் விழித்திருந்தோரின் பணி ஓரிரு வரிகளுள் அடங்கிவிடுகின்றது. மேற்சுவாசப் பாதையைப் பாதிக்கும் நோய்களைப் பொறுத்தவரை இவ்வாறு எழுதப்படும் வரலாறு குறையுடையது மட்டுமன்று. எதனால் உயிர் பிழைத்தது என்ற வினாவுக்குத் தவறான விடையைத் தருவதுமாகும். அடைபட்ட மூச்சுவழியைத் திறப்பது சில நிமிடச் செயல். திறந்த வழி மீண்டும் அடைபடாது காப்பதோ நாட்கணக்கான, சிலவேளை மாதக்கணக்கான செயல். இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பைத் தொண்டைக்கரப்பன் நோயின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

தொண்டைக்கரப்பன் சிறுவரைப் பெரிதும் தாக்கிய தொற்றுநோயாகும். இந்நோயில் தொண்டையிலும் குரல்வளையிலும் சாம்பல் நிறமான தடித்த சவ்வொன்று படர்கின்றது. சவ்வு குரல்வளையை மூடுமாயின் குழந்தை மூச்சுத்திணறி இறக்கின்றது. மூச்சுவழி தப்பினும், கிருமி சுரக்கும் நஞ்சு இருதயத்தையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டில் இந்நோய் பரவியபோது, கழுத்தை நெரித்துக் கொல்லும் தண்டனைக் கருவியின் பெயரைக் கொண்டே மக்கள் இதனை அழைத்தனர். 1613ஆம் ஆண்டு அந்நாட்டில் இந்நோயின் பெயராலேயே வழங்கலாயிற்று. காணாத கை ஒன்று குழந்தையின் கழுத்தை நெரிப்பது போலப் பெற்றோருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

கழுத்தின் முன்புறத்தே வாதனாளியைத் திறந்து மூச்சுக்கு வேறுவழி செய்யலாம் என்ற கருத்து பண்டைக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. எனினும் அதனைச் செய்யத் துணிந்தோர் மிகச் சிலரே. 1799ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது சனாதிபதி ஜோர்ச் வாசிங்ரன் கடுந் தொண்டைநோயால் மூச்சுத்திணறிக் கிடந்தபோது, கூடியிருந்த மூன்று வைத்தியர்களுள் இளையவரான எலிசா டிக் இச்சிகிச்சையை முன்மொழிந்தார். மூத்தோர் இணங்கவில்லை. மீண்டும் மீண்டும் குருதி வடிக்கப்பட்டது. நோயாளி அன்றிரவே இறந்தார். அவருக்கு வந்தது தொண்டைக்கரப்பன் அன்று, குரல்வளை மூடியின் அழற்சியாகலாம் எனப் பிற்கால வைத்தியர் பலர் கருதுவர். ஆயினும் கத்தியை எடுக்க அக்காலத்தவர் எவ்வளவு அஞ்சினர் என்பதற்கு இந்நிகழ்ச்சி தக்க சான்றாகும்.

இவ்வச்சத்தை உடைத்தவர் பிரான்சு நாட்டின் தூர் நகர வைத்தியரான பியேர் பிரெத்தனோ. 1825ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி, தம் நண்பரொருவரின் சிறுமகளின் வாதனாளியைத் திறந்து அவளைக் காப்பாற்றினார். இதற்கு முன் அவர் செய்த முயற்சிகள் தோல்வியடைந்திருந்தன. அடுத்த ஆண்டில் வெளியிட்ட நூலில், தோல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்நோய்க்கு அவர் ஆக்கிய பெயரே இன்றைய ‘டிப்தீரியா’ என்ற பெயருக்கு அடியாயிற்று.

பிரெத்தனோவின் மாணவரான ஆர்மான் துரூசோ இச்சிகிச்சையைப் பாரிசு நகரிற் பரப்பினார். இருநூறுக்கு மேற்பட்ட சிறுவருக்கு இதனைச் செய்ததாகவும், அவர்களுள் நான்கிலொரு பங்கினர் பிழைத்ததாகவும் அவர் எழுதினார். இன்றைய நோக்கில் இது சிறு வெற்றியே. அன்றோ கைவிடப்பட்ட குழந்தைகளுள் நால்வரில் ஒருவர் மீண்டமை பெருஞ்சாதனையாகும். எனினும் துரூசோவின் உண்மையான சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் தங்கியதன்று. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பே முடிவைத் தீர்மானிக்கின்றது என்பதை அவர் வலியுறுத்தினார். குருதி வடித்தல், தோலிற் கொப்புளமெழுப்பும் பற்றிடுதல் போன்ற மெலிவிக்கும் முறைகளைத் தவிர்க்குமாறும், குழந்தைக்கு உணவூட்டுமாறும் கற்பித்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணியைத் தளர்வாகக் கட்டவேண்டும் என்றும் விதித்தார்.

அற்பமாகத் தோன்றும் இத்துணியின் பயன் ஆராயத்தக்கது. இயல்பான சுவாசத்தில் மூக்கும் தொண்டையும் காற்றை வெப்பமூட்டி ஈரமாக்குகின்றன. கழுத்திற் குழலிடப்பட்டவனுக்கோ வறண்ட காற்று நேரே வாதனாளியுட் புகுகின்றது. அதனாற் சளி காய்ந்து கெட்டியாகிக் குழலை அடைக்கின்றது. துணி வெளிவரும் மூச்சின் ஈரத்தைத் தாங்கி, உட்செல்லும் காற்றுக்கு அதனைக் கொடுக்கின்றது. விலையற்ற ஒரு துணி மூக்கின் தொழிலைச் செய்தது எனலாம்.

குழலும் இதே தேவைக்கேற்பவே திருந்தியது. ஒற்றைக் குழல் அடைபட்டால் அதனை முழுவதுமாக வெளியே எடுக்கவேண்டும். எடுத்த புண்வழி மூடிக்கொள்ளக்கூடும். ஒன்றனுள் ஒன்றாக இரு குழல்களை அமைத்தால், வெளிக்குழல் நிலைத்திருக்க உட்குழலை மட்டும் எடுத்துக் கழுவலாம். 1730ஆம் ஆண்டளவிலேயே ஸ்கொத்லாந்து வைத்தியரான மார்ட்டின் என்பாரின் குறிப்பில் இடம்பெற்ற இவ்வமைப்பைத் துரூசோவின் காலம் நடைமுறையாக்கியது. இரட்டைக் குழல் வைத்தியரின் கைக்காக அமைந்ததன்று. நள்ளிரவில் அதனைக் கழற்றிக் கழுவி மாட்டும் பராமரிப்பாளரின் கைக்காக அமைந்ததாகும்.

குழலிட்ட குழந்தையைப் பராமரிப்பதில் வேறெந்த நோயிலுமில்லாத ஓர் இடரும் உண்டு. மூச்சுக்காற்று குரல்நாண்களைத் தொடாது கழுத்துவழியே வெளியேறுவதால் அக்குழந்தை அழுதாலும் ஒலி எழாது. வலித்தாலும், பசித்தாலும், குழல் அடைபட்டு மூச்சு நின்றாலும் அது யாரையும் கூப்பிட இயலாது. ஆகவே அடுத்த அறையிலிருந்து செவிசாய்த்துக் காவல் செய்ய முடியாது. கண்ணாற் பார்த்தே காக்கவேண்டும். உதட்டின் நிறம், விலாவிடையின் குழிவு, மூக்குத்துளையின் விரிவு, குழல்வழிச் சீறும் ஒலியின் மாறுதல் ஆகியவையே அக்குழந்தையின் மொழி. அம்மொழியை வாசிக்கக் கற்றவரே நல்ல தாதியாயினர்.

இக்கல்வி முறைப்படுத்தப்பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலாகும். 1859இல் வெளிவந்த புளோரன்ஸ் நைற்றிங்கேலின் தாதிமை பற்றிய நூல், காற்றோட்டத்தையும் அறையின் வெப்பத்தையும் பற்றிய அத்தியாயத்துடனேயே தொடங்குகின்றது. மறு ஆண்டிலே இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயராற் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அதேவேளை, மூச்சுத்திணறும் குழந்தையின் கட்டிலைத் துணியாற் கூடாரமிட்டு, நீண்ட மூக்குடைய கேத்தலிலிருந்து நீராவி செலுத்தும் முறையும் பரவியது. ஒருபுறம் தூய காற்று வேண்டும். மறுபுறம் ஈரவெப்பம் கலையாதிருக்க வேண்டும். நீராவி குறைந்தாற் சளி காயும். கேத்தல் அருகே வந்தாற் குழந்தை வெந்துபோகும். இம்முரண்பாடுகளை ஒவ்வொரு மணித்தியாலமும் சமன்செய்தது எந்த நூலுமன்று, அருகிருந்தவரின் மதிநுட்பமே.

இப்பணி உயிராபத்து மிக்கதுமாகும். ஹெஸ்ஸே நாட்டின் கோமகளும் விக்ரோரியா மகாராணியாரின் மகளுமான அலிஸ், 1867இல் பெண்களைத் தாதிமைக்குப் பயிற்றும் சங்கமொன்றை நிறுவியவர். 1878 நவெம்பரில் டாம்ஸ்ராட் அரண்மனையில் தொண்டைக்கரப்பன் புகுந்தபோது கணவரையும் பிள்ளைகளையும் அவரே பராமரித்தார். நான்கு வயது மகள் மேரி இறந்தாள். டிசெம்பர் 14ஆந் திகதி, முப்பத்தைந்தாம் வயதில் அலிசும் அந்நோய்க்கே பலியானார். 1884இல் இலண்டன் றோயல் பிறீ வைத்தியசாலையின் இளம் வைத்தியரான சாமுவேல் றபெத், ஒரு குழந்தையின் கழுத்துக்குழல் அடைபட்டவேளை தம் வாயால் உறிஞ்சி அதனைத் திறக்க முயன்றார். நோய் தொற்றி ஒக்டோபர் 26ஆந் திகதி இறந்தார். இலண்டன் பூங்காவொன்றிலுள்ள நினைவுச்சுவர் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வைத்தியராகவும் விளங்கிய அந்தன் செக்கோவ் 1892இல் வெளியிட்ட கதையொன்றில், டீமோவ் என்ற வைத்தியர் இவ்வாறே சிறுவனொருவனின் தொண்டைச் சவ்வை உறிஞ்சி மாய்கின்றார். அக்கால வைத்தியசாலை வாழ்வில் நிகழக்கூடியதாயிருந்ததையே செக்கோவ் கதையாக்கினார் என்பது தெளிவு.

நியூ யோர்க் நகரின் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான வைத்தியசாலையிற் பணிபுரிந்த யோசேப்பு ஓட்வையர், கத்தியின்றி வாய்வழியே குரல்வளையுட் செருகும் சிறு குழலை 1885ஆம் ஆண்டளவில் அறிமுகஞ் செய்தார். வெட்டுக்காயம் இல்லாதொழிந்தது, காவல் ஒழியவில்லை. இருமலிற் குழல் வெளியே தெறிக்கலாம், சவ்வினால் அடைபடலாம். விழுங்கும்போது திரவ உணவு நுரையீரலுட் புகலாம். ஆகவே தலையைத் தாழ்த்திக் கிடத்தி ஊட்டும் முறையும், நீர்த்த உணவைத் தவிர்த்துக் கூழ்போன்ற உணவைக் கொடுக்கும் முறையும் வழக்கிற்கு வந்தன. ஒவ்வொரு புதிய கருவியும் பராமரிப்பின் சுமையைக் குறைக்காது, அதன் வடிவத்தையே மாற்றியது என்பது இங்கு நோக்கத்தக்கது.

பராமரிப்பின் எல்லையையும் மறைத்தலாகாது. கிருமியை 1883இல் கிளெப்சும் 1884இல் லொவ்லரும் இனங்கண்டனர். அதன் நஞ்சினை 1888இல் றூவும் யேர்சினும் பிரித்தறிந்தனர். 1890இல் பேரிங்கும் கித்தசாத்தோவும் நஞ்செதிர்ப்பின் அடிப்படையை நிறுவினர். 1894இல் பாரிசுச் சிறுவர் வைத்தியசாலையில் றூ குதிரைச் சீரத்தைக் கொண்டு சிகிச்சையளித்தபோது, ஏறத்தாழப் பாதியளவாயிருந்த இறப்பு நான்கிலொரு பங்களவாகக் குறைந்தது. எத்துணை விழிப்பும் நஞ்சை முறிக்கமாட்டாது; சீரம் முறித்தது. ஆயினும் சீரம் பெற்ற குழந்தையும் இருதயம் தளர்ந்த நிலையில், தொண்டை தெளிந்த பின்னரும் திடீரென இறக்கக்கூடும். தன்னைக் குணமடைந்தவனாகக் கருதித் துள்ளியெழ முயலும் சிறுவனை வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடத்திவைக்கும் பொறுப்பும் தாதியருக்கே உரியதாயிற்று. 1923இல் றமோன், நஞ்சின் கேட்டை நீக்கித் தடுப்பு மருந்தாக்கும் முறையைக் கண்டார். அதன்பின் தடுப்பூசி பரவிய நாடுகளில் தொண்டைக்கரப்பன் விடுதிகள் படிப்படியாக வெறுமையாயின.

அவ்விடுதிகளிற் பெற்ற பட்டறிவு மீண்டும் தேவைப்பட்டது, வேறொரு நோயிலே. 1952ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. பலருக்குத் தொண்டைத் தசைகள் செயலிழந்தன. விழுங்கவியலாத உமிழ்நீரும் சளியும் மூச்சுவழியை நிறைத்தன. நகரின் தொற்றுநோய் வைத்தியசாலையான பிளெக்டமில் ‘இரும்பு நுரையீரல்’ எனப்பட்ட பெருங்கருவி ஒன்றும், மார்பை மட்டும் கவியும் கருவிகள் ஆறுமே இருந்தன. முதல் மூன்று வாரங்களில் இக்கடுநிலைக்குச் சிகிச்சைபெற்ற 31 பேருள் 27 பேர் இறந்தனர்.

தலைமை வைத்தியர் லாசென், மயக்கமருந்து வைத்தியரான பியோன் இப்சென்னின் ஆலோசனையை நாடினார். இறப்புக்குக் காரணம் குருதியிற் காபனீரொட்சைட்டுத் தேங்குதலே என இப்சென் வாதிட்டார். ஓகஸ்ட் 27ஆந் திகதி, இறக்குந் தறுவாயிலிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் வாதனாளி திறக்கப்பட்டுக் குழலிடப்பட்டது. அக்குழலோடு இறப்பர்ப் பையொன்றை இணைத்து, கையால் அமுக்கிக் காற்றையூட்டினார் இப்சென், சிறுமி பிழைத்தாள். முறை நிறுவப்பட்டது, ஆனால் அதனை இயக்கப் பொறிகள் இருக்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவ, பல்மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, மாதக்கணக்காகக் கட்டிலருகே அமர்ந்து பையை அமுக்கினர். ஒரே வேளையில் எழுபது நோயாளர் வரை இவ்வாறு மூச்சுவிட்டனர். மாணவர் செலவிட்ட காலம் 165,000 மணித்தியாலம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. தாதியர் சளியை உறிஞ்சியகற்றினர், உடலைப் புரட்டினர், குழாய்வழி உணவூட்டினர். நூற்றுக்கு 87 ஆயிருந்த இறப்பு பாதிக்கும் கீழ் இறங்கியது. பேசவியலாத நோயாளரின் கண்ணசைவைப் படித்துப் பையின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மாணவர் கற்றனர். சிலர் தாம் காத்த சிறுவர் இறப்பதையும் கண்டனர்.

1953 டிசெம்பரில் கொப்பன்ஹேகன் நகர வைத்தியசாலையில் இப்சென் நிறுவிய பிரிவு, இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது. அதனை இயந்திரங்களின் வெற்றி எனக் கொள்வது வழக்கம். ஆனால் அதன் மூலம் இயந்திரமற்ற நிலையே என்பதை மேற்கூறிய நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. ஒரு நோயாளி, ஒரு திறந்த மூச்சுவழி, அதனைவிட்டு அகலாத ஒரு மனிதன் என்ற அமைப்பு துரூசோவின் காலத்திலேயே தோன்றிவிட்டது. 2020இல் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தபோது நாடுகள் சுவாசக் கருவிகளையே முதலில் எண்ணின; அவற்றினருகே நிற்கத்தக்க பயிற்சி பெற்ற தாதியர் போதாமை பின்னரே உறைத்தது.

இலங்கையில் 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கப்பெற்றதன் பின் வளர்ந்த தலைமுறையினருக்குத் தொண்டைக்கரப்பன் ஒரு பெயர் மட்டுமே. எனினும் தடுப்பூசி தளர்ந்த இடத்தில் நோய் திரும்புகின்றது. சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் 1990களில் அந்நிலப்பரப்பிலும், 2017இல் வங்காளதேசத்தின் றோகிஞ்சா அகதி முகாம்களிலும் அது மீண்டும் சிறுவரைத் தாக்கியது. அங்கும் சீரத்தோடு, விழித்திருக்கும் கண்களும் வேண்டப்பட்டன.

பிரெத்தனோ, துரூசோ, ஓட்வையர், றூ, இப்சென் ஆகியோரின் பெயர்கள் நிலைத்தமை தகுதியுடையதே. ஆனால் 1825இல் தூர் நகரத்துச் சிறுமியின் குழலைத் துப்புரவு செய்தவர் யார் என்பதை வரலாறு கூறவில்லை. அவர் ஓரிரவு கண்ணயர்ந்திருப்பின் பிரெத்தனோவின் வெற்றியும் அவருடைய முன்னைய தோல்விகளோடு ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கும்.