கடல் கடக்க ஒரு கனவு

காஞ்சிக்கு வருவோர் பட்டுக் கடையிலே புகுவர், கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பர், ஊர் திரும்புவர். அங்கே கைலாசநாதர் கோயிலை எழுப்பிய இராசசிம்ம பல்லவன், 720-ஆம் ஆண்டில் கடலுக்கு அப்பால் சீனத்துக்குத் தூது அனுப்பியவன் என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை. தலபுராணம் பாடுவோர் சொல்லமாட்டார்கள்; சொன்னால், கடல் தாண்டுவது பாவம் என்ற கதை என்னாவது?

பௌதாயன தரும சூத்திரம், கடற்பயணத்தைச் சாதி இழக்கச் செய்யும் குற்றங்களின் வரிசையிலே வைத்தது. ஏட்டில் எழுதியது ஏட்டோடு நின்றதா? இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு தாயின் வாசற்படியிலே வந்து காவல் நின்றது!

அத்தாய் கோமளத்தம்மாள். மகன், கணித மேதை இராமானுசன். தாய்வழிப் பாட்டனார் காஞ்சி நீதிமன்றத்தில் வேலை பார்த்த நாளில், சிறுவனாக இந்நகரிலும் சில காலம் பள்ளி சென்றவர். வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்திலே மாதம் 30 ரூபாய் பெறும் எழுத்தராக இருந்தபோது, 1913 சனவரியில் கேம்பிரிட்சு அறிஞர் ஆர்டிக்குக் கடிதம் எழுதினார். 'வருக' என அழைப்பு வந்தது. அறிவு அழைத்தது, ஆசாரம் தடுத்தது. அன்னை இசையவில்லை.

1914 தொடக்கத்தில் நெவில் என்னும் கேம்பிரிட்சுப் பேராசான் சென்னைக்கு வந்தார். அதற்குள் அன்னையின் மனம் மாறியிருந்தது. எப்படி? வெள்ளையர் கூடிய மண்டபத்திலே மகன் அமர்ந்திருக்கக் கனவு கண்டாராம். மகனுக்குத் தடையாக நிற்காதே என நாமகிரித் தாயார் கட்டளையிட்டாராம்.

கேட்டு நகைக்கத் தோன்றும். நாம் நகைக்கவில்லை. மகனின் ஆற்றலை அந்தத் தாய் அறிந்திருந்தார். அனுப்ப வேண்டும் என்று அவருடைய நெஞ்சமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால், 'நான் அனுப்புகிறேன்' என்று ஒரு பெண் தன் வாயால் சொன்னால் அக்கிரகாரம் ஏற்குமா? தெய்வத்தின் குரலை இரவல் வாங்கவேண்டியிருந்தது. சாத்திரம் போட்ட பூட்டைத் திறக்கச் சாமியின் பெயரால் ஒரு சாவி! கனவு வாராதிருந்தால்? அந்த அறிவுக் களஞ்சியம் துறைமுகக் கணக்கேட்டிலேயே புதைந்திருக்கும்.

பிறகு ஏற்பாடுகள் நடந்தன. சென்னைப் பல்கலைக் கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளித்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்கு என ஒதுக்கப்பட்டது. பணத்துக்கு வழி பிறந்தது; குடுமிக்குத்தான் வழியில்லை. அது கத்தரிக்கப்படுவதை அன்னை காணலாகாது என்று, அவரும் மருமகளும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். 1914 மார்ச் 17-இல் நெவாசா கப்பல் புறப்பட்டபோது, கரையிலே நின்று வழியனுப்பத் தாய் இல்லை.

அதே சென்னைக் கடற்கரையிலிருந்துதான் 1860-இல் துரூரோ என்னும் கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளாக 342 பேரை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. எத்தனைத் தாய்மார் அன்று கதறினரோ! அப்போது சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மறித்தார் எவர்? உழைக்கப் போகிறவனுக்குக் கடல் தீட்டில்லை போலும்.

1918-இல் இராயல் சங்கத்தின் உறுப்பினராக உலகம் போற்றிய அந்த மகன், 1919-இல் நோயாளியாகத் திரும்பினார். இராமேசுவரம் சென்று கழுவாய் செய்ய வேண்டும் என்றனர். உடல் இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில் மறைந்தார். கடல் தாண்டியவர் என்பதால், ஆசாரம் மிக்க உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கும் வரவில்லை. கனவிலே வந்த தாயாரின் கட்டளை அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை!

இன்னொருத்தியையும் சொல்லியாக வேண்டும். பத்து வயதில் மணம் முடிக்கப்பட்ட சானகி, கணவருடன் செல்ல விரும்பினார். அவருக்காக எந்தத் தெய்வமும் எவர் கனவிலும் தோன்றவில்லை. இருபது வயது கடந்த சிறிது காலத்திலேயே கைம்பெண்ணான அவர், தையற்கலை பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணியிலே துணி தைத்துத் தம் கையால் பிழைத்தார்; 1994 வரை வாழ்ந்தார்.