முடிந்து வைத்த காசும் வீரபாண்டி அம்மனும்

முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி அமைந்துள்ள தேனி வட்டாரத்தில், தெய்வம் சொன்ன சொல் தவறாது என்னும் நம்பிக்கைக்கு வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் தலவரலாறே முதற்சான்றாக நிற்கிறது. பார்வையிழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே தவமிருந்து ஒரு கண்ணை அம்மனிடமும் மறு கண்ணைச் சிவபெருமானாகிய கண்ணீஸ்வரமுடையாரிடமும் பெற்றான் என்பது அவ்வரலாறு. கல்வெட்டுச் சான்றாக இதனைக் கொள்ள இயலாதெனினும், வரம் கண்ணுக்குக் கண் எண்ணித் தரப்பட்டதாகச் சொல்லப்படுவது கவனத்திற்குரியது.

அதே நுணுக்கம் நேர்த்திக்கடனிலும், அதாவது வேண்டுதல் பலித்தபின் செலுத்துவதாக நேர்ந்துகொள்ளும் காணிக்கையிலும், காணப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் மஞ்சள் நனைத்த துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி படத்தருகே வைக்கும் குடும்பத்தார், எத்தனை முடை வந்தாலும் அம்முடிப்பை அவிழ்ப்பதில்லை. கண்நோய் தீர்ந்தவர் கண்மலர் என்னும் கண் வடிவத் தகட்டையே செலுத்துவர். சித்திரைத் திருவிழாவில் அத்திமர முக்கொம்பாகிய கம்பத்திற்கு ஆற்றுநீர் வார்ப்போரும், அக்கினிச் சட்டி ஏந்துவோரும் நேர்ந்தபடியே நிறைவேற்றுவர். இதனை வெறும் பண்டமாற்றாகக் கருதுவது பொருந்தாது. ஏனெனில் காசு முடியப்படுவது நோய் தீருமுன்பே.