வால்வே இல்லாத இன்ஜின்... ஒரு வாஷர் விழுந்தா காலி! மாடிஃபை செய்த ரோட்டரி காரில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுவது எப்படி?

'தி ஃபாஸ்ட் அண்டு தி ஃப்யூரியஸ்' முதல் பாகத்தில் டாம் ஓட்டும் சிவப்பு கார் ஞாபகம் இருக்கா? 'டோக்கியோ டிரிஃப்ட்'டில் ஹான் ஓட்டும் ஆரஞ்சு - கறுப்பு கார்? 'இனிஷியல் டி' அனிமேவில் கெய்ஸுகே தகாஹாஷியின் மஞ்சள் கார்? மூன்றுமே ஒரே மாடல்தான். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மூன்றாம் தலைமுறை. ரசிகர்கள் செல்லமாக 'எஃப்டி' என்பார்கள். 1991-ல் அறிமுகமாகி 2002 வரை தயாரான கார்.

மாஸ்டா தன் பெயரில் இந்தியாவில் கார் விற்றதில்லை என்பதால், நம்மில் பலர் இதைப் படத்திலும் கேமிலும்தான் பார்த்திருப்போம். இன்று உலகம் முழுக்க இருக்கும் எஃப்டிகளில் மாடிஃபை செய்யாத காரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இப்படிப்பட்ட ஒரு காரின் பானெட்டைத் திறந்தால், சீக்கிரமே செய்ய வேண்டிவரும் வேலை ஒன்று உண்டு: இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றுவது. பார்க்க நட்டு, போல்ட்டு சமாசாரம்தான். ஆனால், கவனம் தப்பினால் இன்ஜினையே பிரித்து மேய வேண்டியிருக்கும்.

ரோட்டரி இன்ஜின்... சின்ன அறிமுகம்

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். ரோட்டரியில் பிஸ்டன் கிடையாது. நடுவில் 8 வடிவத்தில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஓர் அறை. அதற்குள் சுழலும் முக்கோண ரோட்டர். ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான்கெல் பெயரால் அறியப்படும் இந்த இன்ஜினை, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் கொண்டுவந்தது மாஸ்டா. எஃப்டியில் இருப்பது '13பி' வகை. ஒரு ரோட்டருக்கு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர்கள்; மொத்தம் 1,308 சிசி.

ரோட்டரின் மூன்று முனைகளிலும் 'அபெக்ஸ் சீல்' என்ற மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். எஃப்டியில் இதன் தடிமன் 2 மி.மீ-தான். அறையின் சுவரை உரசியபடியே சுழன்று, காற்றும் அழுத்தமும் கசியாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. இந்தப் பட்டை உடைந்தால் இன்ஜினைத் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதில் வால்வே இல்லை. டூ-ஸ்ட்ரோக் பைக்கில் பிஸ்டனே போர்ட்டைத் திறந்து மூடுவதுபோல, இங்கே ரோட்டரே அந்த வேலையைச் செய்கிறது. அதாவது மேனிஃபோல்டைக் கழற்றியதும் நீங்கள் பார்க்கும் ஓட்டை, நேராக ரோட்டர் இருக்கும் அறைக்குப் போகும் வாசல். சாதாரண இன்ஜினில் ஒரு வாஷர் உள்ளே விழுந்தால், மூடியிருக்கும் வால்வுக்கு வெளியே தங்க வாய்ப்பு உண்டு. ரோட்டரியில் அந்தக் கருணை இல்லை. சுழலும் ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவில் அந்த வாஷர் மாட்டினால், சீல் உடையும். சுவரின் குரோம் பூச்சு கிழியும். உடைந்த துண்டுகள் எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போவின் இறக்கைகளையும் அடிக்கும். ஒரு வாஷருக்கு இவ்வளவு பெரிய பில்!

மாடிஃபை செய்த காரில் என்ன சிக்கல்?

கம்பெனியிலிருந்து வந்த எஃப்டியில் அடுத்தடுத்து வேலை செய்யும் இரட்டை டர்போ உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்தும் மெல்லிய வேக்யூம் ஹோஸ்களும் சோலினாய்டுகளும் மேல் மேனிஃபோல்டுக்குக் கீழே பின்னிக் கிடக்கும். ரசிகர்கள் அதற்கு வைத்த பெயரே 'எலிக்கூடு'தான். அதைச் சரிசெய்ய சர்வீஸ் மேனுவலில் வரைபடம் இருக்கிறது.

மாடிஃபை செய்த காரில் அந்த வரைபடம் பாதிக்கு மேல் செல்லாது. இரட்டை டர்போவை எடுத்துவிட்டு ஒரே பெரிய டர்போ வைத்திருப்பார்கள். இன்ஜெக்டரும் ஈசியூவும் மாறியிருக்கும். ஆயில் மீட்டரிங் பம்ப்பையே எடுத்துவிட்டு, பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஓட்டுபவர்களும் உண்டு. அதனால், பழைய ஓனர் என்ன செய்தார் என்பதற்கு ஒரே சாட்சி, உங்கள் கண் முன்னால் இருக்கும் அந்த இன்ஜின்தான். கழற்றும் முன் அதைப் பதிவு செய்துகொள்வதுதான் பாதி வேலை.

கழற்றுவதற்கு முன்...

* முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாகும் வரை ஓட விடுங்கள். ரோட்டரியைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால், உள்ளே பெட்ரோல் தேங்கி, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்.

* ஐடிலில் ஓடும்போதே ஃப்யூயல் பம்ப்பின் ரிலேவையோ ஃப்யூஸையோ எடுத்துவிடுங்கள். லைனில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்றுவிடும். மாடிஃபை செய்த காரில் பம்ப்புக்குத் தனி வயரிங் போட்டிருக்கலாம். எது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

* இன்ஜின் முழுசாக ஆறட்டும். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பானெட்டுக்குள் பேட்டரி இல்லையா? டிக்கியில் பாருங்கள், பலர் இடத்துக்காக அங்கே மாற்றிவிடுவார்கள்.

* கூலன்ட்டைக் கொஞ்சம் வடித்துவிடுங்கள். த்ராட்டில் பாடிக்குக் கூலன்ட் ஹோஸ் வருகிறது. அது போர்ட்டுக்குள் சிந்தக் கூடாது.

* பக்கத்திலேயே தீயணைப்பான் இருக்கட்டும். இதில் நோ காம்ப்ரமைஸ்!

இப்போது உங்கள் போனுக்கு வேலை. மேலிருந்து, பக்கவாட்டில், முடிந்தால் அடியிலிருந்தும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு ஹோஸின் இரண்டு முனைகளிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி ஒரே நம்பர் போடுங்கள். எங்கேயும் போகாமல் மூடி வைத்திருக்கும் ஹோஸுக்கும் நம்பர் உண்டு. நாளைக்கு 'இது எதுக்கு?' என்று குழம்ப வைப்பது அதுதான்.

கழற்றும் வரிசை

மேனிஃபோல்டு இரண்டு பாகம். மேலே இருப்பது த்ராட்டில் பாடியைத் தாங்கும். கீழே இருப்பது இன்ஜினோடு ஒட்டியிருக்கும்.

1. இன்டர்கூலரிலிருந்து வரும் பைப், ஆக்சிலரேட்டர் கேபிள், சென்சார் கனெக்டர்கள், பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், எர்த் வயர் இருந்தால் அதுவும்... எல்லாவற்றையும் விடுவியுங்கள். வெப்பத்தில் இறுகிப்போன ஹோஸை இழுக்காதீர்கள்; லேசாகத் திருகி எடுங்கள். வரவில்லையா? ஹோஸை வெட்டிவிட்டுப் புதுசு போடுங்கள். ஹோஸ் காசு குறைவு; உடையும் நிப்பிள் அப்படி இல்லை.

2. மேல் மேனிஃபோல்டின் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஓர் அட்டையில் மேனிஃபோல்டு வடிவத்தை வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நட்டு, வாஷர் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். கடைசியில் ஒன்று குறைந்தால் அது எங்கே என்று தெரிந்தே ஆக வேண்டும்.

3. மேல் பாகம் வெளியே வந்ததும், வேறு எதையும் தொடாமல் போர்ட்டுகளை மூடுங்கள். ஒர்க்ஷாப்பில் கிடைக்கும் காட்டன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரியும். டிஷ்யூவும் வேண்டாம், கிழியும். நூல் பிரியாத பெரிய துணியை, பாதி வெளியே தொங்கும்படி வையுங்கள். எத்தனை துணி என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

4. எஃப்டியில் நான்கு இன்ஜெக்டர்கள். இரண்டு இன்ஜின் பக்கம், இரண்டு கீழ் மேனிஃபோல்டு பக்கம். பெட்ரோல் லைனைக் கழற்றும்போது கீழே துணி பிடியுங்கள். மிச்சப் பெட்ரோல் கண்டிப்பாக வரும்.

5. கீழ் மேனிஃபோல்டுதான் பொறுமையைச் சோதிக்கும். 13பி இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். டர்போவின் வெப்பத்தில் வருஷக்கணக்காக வெந்த நட்டுகள் சுலபமாக அசையாது. முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து வையுங்கள். நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டு மெதுவாகத் திருப்புங்கள். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் வந்தால் பதற வேண்டாம். திரும்ப மாட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

6. மேனிஃபோல்டு ஒட்டிக்கொண்டால் நடுவில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீர்கள். அலுமினிய முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், கசிவுக்கு. ரப்பர் சுத்தியால் தட்டினால் வந்துவிடும்.

திறந்தது திறந்தாச்சு... இதையும் பாருங்க!

இவ்வளவு தூரம் வந்த பிறகு சில விஷயங்களைப் பார்க்காமல் மூடுவது வீண். ஃப்யூயல் ரெயிலில் இருக்கும் 'பல்சேஷன் டேம்பர்' பழைய எஃப்டிகளில் கசிந்து, இன்ஜினில் தீப்பிடிக்கக் காரணமாகும். பெட்ரோல் வாசம், ஈரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். பழைய வேக்யூம் ஹோஸ்களுக்குப் பதில் சிலிகான் ஹோஸ் போடலாம். ஆனால், பெட்ரோல் லைனுக்குச் சாதாரண சிலிகான் ஹோஸ் கூடவே கூடாது.

பழைய கேஸ்கட்டைப் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். போர்ட்டில் துணி இருக்கும்போதே, பக்கத்தில் வேக்யூம் கிளீனரை ஓடவிட்டுச் செய்தால் துகள் உள்ளே போகாது.

அப்படியும் ஏதாவது விழுந்துவிட்டதா? அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். இன்ஜினைக் கையால்கூடத் திருப்பாதீர்கள். குட்டி கேமராவை விட்டுத் தேடி, இரும்பு என்றால் காந்தக் குச்சியால் எடுங்கள். கிடைக்கவில்லை என்றால் ரோட்டரி தெரிந்த மெக்கானிக்கை அழையுங்கள். 'ஸ்டார்ட் பண்ணா வெளியே வந்துடும்' என்று யாராவது சொன்னால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

மூன்று ஹோஸ்... மூன்று உயிர்நாடி!

திரும்ப மாட்டும்போது கேஸ்கட் புதுசாக இருக்கட்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கு உங்கள் வருட மாடலின் மேனுவலையும், வேறு மேனிஃபோல்டு என்றால் அதன் தயாரிப்பாளர் தரும் அளவையும் பார்த்து டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். துணிகளை எண்ணி வெளியே எடுத்த பிறகுதான் மேனிஃபோல்டு உள்ளே போக வேண்டும்.

ஹோஸ்களில் மூன்றை இரண்டு தடவை சரிபாருங்கள். ஒன்று, மேப் சென்சார் ஹோஸ். அது கழன்றால், டர்போ அழுத்தம் ஏறுவதே ஈசியூவுக்குத் தெரியாது. பெட்ரோல் போதாமல் போகும். இரண்டு, ஃப்யூயல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் ஹோஸ். அது இல்லாவிட்டாலும் பெட்ரோல் குறையும். மூன்று, வேஸ்ட்கேட் ஹோஸ். அது கழன்றால் டர்போ அழுத்தம் எகிறும். மூன்றுமே ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: உள்ளே தாறுமாறாக வெடிப்பு, உடைந்த அபெக்ஸ் சீல்.

கசிவு பார்க்க பஞ்சர் கடை டெக்னிக் போதும். டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரஸரில் குறைந்த அழுத்தம் கொடுத்து, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை வரும் இடம்தான் கசியும் இடம். பிறகு கூலன்ட் நிரப்பி, பேட்டரியை மாட்டி, ஃப்யூயல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டுப் பெட்ரோல் கசிகிறதா என்று பாருங்கள். எல்லாம் ஓகே என்றால் ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக் பெடல் கல் மாதிரி இருந்தால், பூஸ்டர் ஹோஸை மாட்ட மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், வண்டியை நகர்த்தாதீர்கள். முதல் ஓட்டத்தில் டர்போ அழுத்தத்தை ஏற்றாமல் மெதுவாக ஒரு ரவுண்டு போய்வந்து, எல்லா இணைப்பையும் மறுபடி பாருங்கள்.

கடைசியாக, போனில் இருக்கும் அந்த போட்டோக்களையும், நம்பர் போட்ட ஹோஸ் பட்டியலையும் அழித்துவிடாதீர்கள். அந்தக் காருக்கான சர்வீஸ் மேனுவல் இனி அதுதான். நாளைக்கு நீங்கள் காரை விற்றால், சாவியோடு சேர்த்து அதையும் கொடுங்கள். வாங்குபவர் உங்களுக்கு நன்றி சொல்வார்!